படித்தது, பழகியது, பட்டது

ஓய்வு பெற்ற ஆசிரியரை யாரும் தேடிவரமாட்டார்கள் என்பார்கள். என் விஷயத்தில் அது பொய். வருஷா வருஷம் பல்கலைக்கழக விண்ணப்பக் காலம் வந்தால் என் தொலைபேசிக்கு ஓய்வு இல்லை. இந்த முறை அழைத்தது சுகந்தி. நான் இருந்த முள்ளியவளைப் பாடசாலையில் இப்போது உயிரியல் படிப்பிக்கிற பெண்.

"டீச்சர், இப்ப எல்லாம் கொம்பியூட்டரிலதான். பெட்டி பெட்டியாக் கிடக்கு. ஒரு பிள்ளை சனி ஞாயிறு யாழ்ப்பாணம் போய்ப் படிச்சிருக்கு. மெடிசினுக்குப் போடுறா. அதைப் பாடசாலை எண்ட பெட்டிக்குள்ள போடுறதோ, வேற பயிற்சி எண்டு போடுறதோ?"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சுகந்திக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன் டீச்சர் சிரிக்கிறியள்? தெரியாமத்தானே கேக்கிறன்."

"உம்மைப் பாத்துச் சிரிக்கேல்லைப் பிள்ளை. எங்கட பழைய அதிபரை நினைச்சுச் சிரிச்சனான்."

அவளுக்குப் பதிலைச் சொல்லித் தொலைபேசியை வைத்தேன். ஆனால் கதை மனதைவிட்டுப் போகவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிற பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. ஆகவே எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மலைநாட்டுப் பக்கம் பட்டம் பெற்றேன், இரண்டு பாடசாலைகளில் தூசி குடித்தேன், எழுபத்தேழின் கடைசியில் முள்ளியவளைக்கு மாற்றம் வந்தது. உயிரியல் படிப்பிக்க வந்த எனக்குக் கிடைத்த ஆய்வுகூடத்தில் ஒரு ஸ்பிரிட் விளக்கும், கண்ணாடி வெடித்த நுணுக்குக்காட்டியும், சாடிக்குள் எப்போதோ செத்த ஒரு பாம்பும் இருந்தன. பாம்புதான் அங்கே மூத்த ஆசிரியர் என்று மற்றவர்கள் பகிடி பண்ணுவார்கள். 

பாடசாலை அதிபர் மரியநாயகம் முல்லைத்தீவுக் கடற்கரையைச் சேர்ந்தவர். தகப்பனும் தமையன்மாரும் கரைவலை இழுத்தவர்கள். இவர் ஒருவர்தான் சட்டை போட்டு வேலைக்குப் போனவர். அதிகம் பேசமாட்டார், சிரிப்பும் அபூர்வம். ஆனால் பிள்ளைகளை 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். ஏச வேண்டுமென்றாலும் 'நீர்'தான். நான் சேர்ந்த மறுவருஷமே பல்கலைக்கழக விண்ணப்பங்களுக்கு என்னைப் பொறுப்பாக்கினார்.

இளையவர்களுக்கு ஒன்றை விளங்கப்படுத்த வேண்டும். மருத்துவபீடத்துக்குப் புள்ளி மட்டும் போதாது. எந்த மாவட்டத்தில் படித்தாய் என்பதும் கேள்வி. ஆய்வுகூடமும் ஆசிரியரும் குறைந்த மாவட்டங்களுக்கென்று சில இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். முல்லைத்தீவு அப்போதுதான் தனி மாவட்டமாகியிருந்தது. ஒரே புள்ளியோடு இரண்டு பிள்ளைகள் இருந்தால், முல்லைத்தீவில் படித்தது டொக்டராகும், யாழ்ப்பாணத்தில் படித்தது வீட்டில் இருக்கும். நியாயமா என்று கேட்டால் இரண்டு பக்கமும் பேச என்னால் முடியும். விதி அப்படி இருந்தது.

இதில் எங்கள் ஆட்கள் செய்கிற ஒரு பிழை உண்டு. உலகத்தில் வேறு எவரும் இந்தப் பிழையைச் செய்யமாட்டார்கள். வன்னியில் ஒரு பிள்ளை ஒரு மாதம் யாழ்ப்பாணத்தில் ரியூசனுக்குப் போய்வந்தால் போதும், வீட்டார் ஊர் முழுக்க "எங்கட பிள்ளை யாழ்ப்பாணத்தில படிக்குது" என்று சொல்லித் திரிவார்கள். அது ஒரு பெருமை. அந்தப் பெருமையை விண்ணப்பத்திலும் எழுதிவிடுவார்கள். கடற்கரைப் பையன் சேவியர் அப்படித்தான், இரண்டு விடுமுறைக்குப் போன ரியூசன் நிலையத்தைக் 'கற்ற பாடசாலை' என்ற இடத்தில் அழகான கையெழுத்தில் எழுதினான். கொழும்பில் அவனை யாழ்ப்பாணக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். மருத்துவம் போய்விட்டது. அந்த விண்ணப்பத்தில் வாசிக்காமல் கையொப்பம் வைத்தவர் எங்கள் அதிபர். அதன்பின் அவர் வாசிக்காமல் எதிலும் கையொப்பம் வைத்ததில்லை. சம்பளப் பத்திரத்தைக்கூட இரண்டு தரம் வாசிப்பார்.

சேவியருக்குப் பிறகுதான் அவருடைய முறை பிறந்தது. அதைக் கொஞ்சம் விபரமாகச் சொல்ல வேண்டும்.

விண்ணப்பிக்கிற பிள்ளையைத் தன் மேசைக்கு முன்னால் கதிரையில் இருத்துவார். நிற்க விடமாட்டார். தாய் தகப்பனுக்கு வெளியே வாங்குப் பலகையில் பிளேன்ரீ கொடுத்து இருக்கச் சொல்வார். அவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. நான் பக்கத்தில் கழிவுத்தாளும் பென்சிலுமாக இருப்பேன். "பள்ளிக்கூடம் போகத் தொடங்கின நாளில இருந்து சொல்லும்" என்பார். பிள்ளை சொல்லச் சொல்ல, மேசையில் கையால் தள்ளித் தள்ளிப் பிரிப்பார். மேசையில் ஒன்றும் இருக்காது. ஆனாலும் கை தள்ளும். அவருடைய தகப்பன் வலையில் வந்த மீனை விற்க, காயவைக்க, வீட்டுக்கு என்று மணலில் கும்பமாகத் தள்ளுவாராம். அதே கை.

"இது படிச்சது" என்று இடப்பக்கம் தள்ளுவார். எந்தப் பாடசாலை இடாப்பில் பெயர் இருந்ததோ, எங்கே நாளாந்தம் வரவு போட்டார்களோ, அது மட்டும்தான் படித்தது. "இது பழகினது" என்று நடுவில் தள்ளுவார். ரியூசன், முதலுதவிப் படை, மாணவர் தலைவர், பாட்டுப் போட்டி எல்லாம் அதற்குள். "இது பட்டது" என்று வலப்பக்கம். நோய், வெள்ளம், தகப்பன் இறந்தது, வீடு எரிந்தது. மூன்றாவது கும்பத்துக்கு விண்ணப்பத்தில் இடமே இல்லை. இருந்தாலும் கேட்பார். ஒருமுறை ஒட்டுசுட்டான் பையன் ஒருவன் விளையாட்டுத் திறமை என்று வயலில் யானை விரட்டியதைச் சொன்னான். அதிபர் கையைத் தூக்கியபடி யோசித்தார். கடைசியில், "இது பழகினதோ பட்டதோ, டீச்சர்?" என்று என்னைக் கேட்டார். "யானையைத்தான் கேக்க வேணும் சேர்" என்றேன். அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் கண்டேன்.

பென்சிலில் எழுதியதை உரக்க வாசிப்பார். ஒவ்வொரு வரிக்கும் பிள்ளை "ஓம்" சொல்ல வேண்டும். பிறகுதான் மை. கடைசியில் முத்திரையை வாய்க்குக் கிட்டப் பிடித்து ஒரு ஊதல், ஒரு குத்து. 

இனி புஷ்பராணியின் கதைக்கு வருகிறேன்.

புஷ்பராணி ஒட்டுசுட்டானில் இருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை. தகப்பன் முத்தையா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபத்தேழுக் கலவரத்தில் குடியிருந்த லயத்தை எரித்துவிட்டார்கள் என்று குடும்பத்தோடு லொறியில் ஏறி வன்னிக்கு வந்தார். காட்டோரத்தில் ஒரு கொட்டில் போட்டு மிளகாய் வைத்தார், மற்றவர்களின் வயலில் கூலிக்கும் போனார். பிரஜாவுரிமைப் பத்திரத்தை மட்டும் எரிகிற லயத்துக்குள் இருந்து எடுத்துவந்த மனிதர். பத்திரத்தின் அருமை அவருக்குத் தெரியும். தெரிந்ததுதான் பிறகு வினையாக வந்தது.

பிள்ளை கெட்டிக்காரி. சும்மா சொல்லவில்லை, அப்படி ஒரு பிள்ளை எனக்கு முன்னும் பின்னும் வாய்க்கவில்லை. ஆனால் உயர்தரத்தில் செய்முறைப் பரீட்சை உண்டு. எங்கள் வெடித்த நுணுக்குக்காட்டியை வைத்து அவளுக்கு நான் எதைக் காட்டுவது? யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண்கள் பாடசாலையில் என்னோடு படித்த சிநேகிதி படிப்பித்தாள். அவளுக்கு எழுதிக் கேட்டேன். அதிபராக இருந்த மதர் சம்மதித்தார். புஷ்பராணி வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறிப் போய், விடுதியில் தங்கி, சனிக்கிழமை அவர்களுடைய ஆய்வுகூடத்தில் தவளை வெட்டிப் பழகி, ஞாயிறு திரும்பி வருவாள். அனுப்பியது நான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெறுபேறு வந்தது. முல்லைத்தீவுக் கணக்கில் மருத்துவத்துக்கு நிச்சயம் போதும். யாழ்ப்பாணக் கணக்கில் நிச்சயம் போதாது. எங்கள் சந்தோஷத்துக்கு அளவில்லை.

விண்ணப்பம் நிரப்ப வந்த அன்று முத்தையா வேட்டியைத் தோய்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வாங்கில் இருக்கமாட்டேன் என்று ஜன்னலோரம் நின்றார். உள்ளே பிரித்தல் தொடங்க முன்பே, பொலித்தீன் பையில் இருந்து ஒரு தடித்த தாளை எடுத்து ஜன்னலுக்குள்ளால் நீட்டினார்.

"ஐயா, இதையும் சேர்த்து வச்சிடுங்க. பெரிய மதர் அம்மா குடுத்தது. புள்ள யாழ்ப்பாணத்துல படிச்சிச்சுன்னு எழுதியிருக்காங்க."

அதிபர் வாங்கி வாசித்துவிட்டு எனக்குத் தந்தார். மேலே பாடசாலையின் சின்னம், கீழே ஊதா முத்திரை. 'மேற்படி மாணவி எமது பாடசாலையில் கல்வி கற்றார். ஒழுக்கமானவர், திறமை மிக்கவர்.' அந்த மதர் ஒரு ஏழைப் பிள்ளைக்கு நல்லது நினைத்து எழுதிய வரி அது. எனக்கோ சேவியரின் விண்ணப்பம்தான் ஞாபகம் வந்தது. அதைப் பிள்ளை தானே எழுதினான். இதை ஒரு பாடசாலை அதிபரே முத்திரை குத்தி எழுதியிருந்தார்.

"முத்தையா, இது உங்கட வீட்டில பத்திரமா இருக்கட்டும். விண்ணப்பத்துக்கு இது தேவையில்லை" என்று அதிபர் திருப்பிக் கொடுத்தார். முத்தையாவின் முகம் வாடிவிட்டது. தன் பிள்ளைக்குக் கிடைத்த ஒரே ஒரு நல்ல வார்த்தையை வேண்டாம் என்கிறாரே என்று அவர் நினைத்திருப்பார்.

பிரித்தல் நடந்தது. தோட்டத்துப் பாடசாலை, படித்தது. எங்கள் பாடசாலை, படித்தது. சனிக்கிழமை ஆய்வுகூடம் வந்தபோது அதிபரின் கை நடுவில் போய் நின்றது. "பழகினது. எழுதுங்கோ டீச்சர்."

"எங்க எழுதுறது சேர்?"

"வேறு விபரங்கள் எண்ட இடத்தில. சனிக்கிழமைகளில செய்முறைப் பயிற்சிக்காக மட்டும் யாழ்ப்பாணம் போனவ எண்டு."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, "அவங்கள் கேக்காததை நாங்கள் ஏன் சேர் சொல்லுவான்? யாழ்ப்பாணம் எண்ட சொல்லைக் கண்டாலே அந்தப் பக்கத்துக் கணக்கில தூக்கிப் போட்டிடுவாங்கள். நான் அனுப்பின பிள்ளை. என்னால கெட்டுப்போக விடமாட்டன்" என்று சத்தம் போட்டேன்.

"சத்தம் போடாதேங்கோ. ஒளிச்சால்தான் பயப்பட வேணும்."

"உங்களுக்கென்ன, கையொப்பம் வைச்சிட்டுப் போயிடுவியள்!"

அவர் பென்சிலை என் பக்கம் தள்ளினார். எழுதினேன். பென்சில் முனை உடையும்படி அழுத்தி எழுதினேன். பிள்ளையை உள்ளே கூப்பிட்டு அவர் வாசித்தார், அவள் "ஓம்" சொன்னாள், மை ஏறியது, முத்திரை விழுந்தது. அந்தக் கிழமை முழுக்க நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சில வாரங்களில் பெட்டிசம் போனது. எங்கள் பகுதியில் ஒருவன் முன்னேறப் போகிறான் என்று தெரிந்தால் கையொப்பம் இல்லாமல் ஒரு கடிதம் எழுதிப் போடுவது வழக்கம். யார் எழுதியது என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை. இந்த மாணவி யாழ்ப்பாணத்தில் படித்தவர், அதோடு மலைநாட்டில் இருந்து வந்த ஆள், இந்த மாவட்டத்துப் பிள்ளையே இல்லை என்று எழுதியிருந்தார்களாம். விசாரணைக்கு ஒரு உத்தியோகத்தர் வருகிறார், தகப்பனும் பிள்ளையும் நிற்க வேண்டும் என்று அறிவித்தல் வந்தது. அதைக் கேட்டதில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வந்தவர் மெலிந்த மனிதர். குடையைக் கதவில் கொழுவிவிட்டு, மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் வரவு இடாப்புகளைப் பார்த்தார். திங்கள் முதல் வெள்ளி வரை புஷ்பராணி பெயருக்கு நேரே வரவு இருந்தது. விண்ணப்பத்தின் பிரதியில் 'வேறு விபரங்கள்' என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"இது நீங்களாவே எழுதினதோ?"

"ஓம்" என்றார் அதிபர்.

"பெட்டிசத்தில சொன்னதை நீங்கள் முன்னமே சொல்லியிருக்கிறியள்." அவர் தலையை ஆட்டினார். எனக்கு மூச்சு வந்தது. முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

முடியவில்லை. உத்தியோகத்தர் மரியாதைக்குத் தகப்பன் பக்கம் திரும்பி, "பிள்ளை நல்லாப் படிச்சிருக்கு" என்றார். முத்தையாவுக்கு அது போதுமாக இருந்தது. சட்டைக்குள் கைவிட்டு அந்தப் பொலித்தீன் பையை எடுத்தார்.

"ஆமாங்க ஐயா. பாருங்க, யாழ்ப்பாணத்துலயே படிச்சிருக்குன்னு மதர் அம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க."

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உத்தியோகத்தர் வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"இதில கல்வி கற்றார் எண்டெல்லோ கிடக்கு? செய்முறைப் பயிற்சி எண்டு இல்லையே?"

நான் வாயைத் திறந்தேன். அதிபர் மேசையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "டீச்சர், நீங்கள் இருங்கோ. சேர், பிள்ளையைக் கேளுங்கோ. அவதானே போனவ."

புஷ்பராணி எழும்ப, "இருந்து சொல்லும்" என்றார் அதிபர். அவள் இருந்தாள்.

"அந்தப் பள்ளிக்கூடத்தில என்ன வகுப்பில இருந்தனீர்?" என்று கேட்டார் உத்தியோகத்தர்.

"ஒரு வகுப்பிலயும் இல்லை சேர். இடாப்பில எனக்குப் பேர் இல்லை. அங்கத்தைப் பிள்ளையள் சனிக்கிழமை செய்முறை செய்து முடிச்சுப் போனாப் பிறகு, மேசையைக் கழுவிப்போட்டு எனக்குத் தருவினம். அவை வெட்டி மிஞ்சின தவளையைத்தான் நான் வெட்டினனான். பாடம் முழுக்க எங்கட டீச்சரிட்டத்தான் படிச்சனான்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அழுதிருப்பேன். மிஞ்சிய தவளை என்று அவள் எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

உத்தியோகத்தர் ஏதோ எழுதினார். பிறகு தாளைப் புரட்டினார். "மற்றது, எழுபத்தேழில தோட்டத்துப் பள்ளிக்கூடம் விட்டதுக்கும் இங்க சேர்ந்ததுக்கும் இடையில கொஞ்சக் காலம் கிடக்கு. அப்ப எங்க படிச்சனீர்?"

அவ்வளவு நேரமும் எங்களைப்போலப் பேசிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் தன் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"எங்கேயும் படிக்கலைங்க சார். முகாம்ல இருந்தோம். தங்கச்சிக்கு வயித்தால போச்சு. நான் தண்ணி கொதிக்க வச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தேன். டாக்டர் வர்றேன்னாங்க. வரல. தங்கச்சி செத்துப்போச்சு. அப்புறந்தான் இங்கிட்டு வந்தோம்."

அதிபரின் கை மேசையின் வலப்பக்கத்தில் விரித்தபடி கிடந்தது. விண்ணப்பம் நிரப்பிய அன்று அவர் இதைக் கேட்டு, வலப்பக்கம் தள்ளாமல் அப்படியே கையை வைத்துக்கொண்டு இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

உத்தியோகத்தர் பேனையை மூடினார். மதரின் பத்திரத்தை மடிப்புக் குலையாமல் முத்தையாவிடம் திருப்பிக் கொடுத்தார். "எனக்குக் கேக்க வேற ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார். படியில் இறங்கியவர் திரும்பி, "பயப்படாதேங்கோ டீச்சர்" என்றார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது.

அவர் போனபின் அதிபர் முத்தையாவைக் கூப்பிட்டார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். "முத்தையா, இனி ஆரும் கேக்காமல் இந்தப் பத்திரத்தை வெளியில எடுக்காதேங்கோ. பிள்ளை பல்கலைக்கழகத்துக்குள்ள போகுமட்டும்" என்றார். முத்தையாவுக்கு அப்போதுதான் விளங்கியது. "கெடுத்துட்டேனா ஐயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "இல்லை. பிள்ளை காப்பாத்திப்போட்டுது" என்றார் அதிபர். நான் அன்றுதான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பென்சிலை உடைச்சதுக்கோ?" என்று கேட்டார். 

மருத்துவபீட அனுமதி வந்த அன்று புஷ்பராணி ஆய்வுகூடத்துக்குள் ஓடி வந்து என் மேசையில் கடிதத்தை வைத்தாள். அதை வாசித்துவிட்டு, சாடிக்குள் இருந்த பாம்பைப் பார்த்து நான் கை தட்டியதாகப் பிள்ளைகள் பிறகு சொல்லிச் சிரித்தார்கள். இருக்கலாம். எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் மாதக்கணக்காக நெஞ்சில் ஏறி இருந்த ஒரு பாரம் இறங்கியதுதான். அன்று மத்தியானம் இரண்டு பேருக்குரிய சோற்றைச் சாப்பிட்டேன்.

சாயந்தரம் முத்தையா ஒரு வாழைக்குலையோடு வந்தார். அதிபருக்கு முன்னால் நின்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஐயா, இப்ப அந்தப் பத்திரத்த நாலு பேருக்குக் காட்டலாங்களா?"

"காட்டுங்கோ. சட்டம் போட்டுச் சுவரில கொழுவுங்கோ."

"கொட்டில்ல சுவர் இல்லீங்களே ஐயா. ஓலைத் தட்டிதான்."

அதிபர் சிரித்தார். என் கணக்குக்கு அது இரண்டாவது சிரிப்பு.

எண்பத்தொன்பதில் புஷ்பராணி டொக்டராகி வெளியே வந்தாள். பாதைகளில் சோதனைச் சாவடிகள் மலிந்த காலம். பஸ் மாறி மாறி ஒட்டுசுட்டானுக்குப் போய்ச் சேர்ந்தேன். முத்தையா வாசல் படலையில் நின்றார். உள்ளே போனால் அதே கொட்டில். மூன்று பக்கமும் பழைய தட்டி. நாலாவது பக்கத்தில் மட்டும் செங்கல்லால் கட்டி வெள்ளையடித்த ஒரு சுவர். அதில் சாமிப் படம் இல்லை, மகளின் பட்டமளிப்புப் படமும் இல்லை. நடுவில் சட்டம் போட்ட மதரின் பத்திரம் தனியாகத் தொங்கியது.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். முத்தையா பக்கத்தில் வந்து, தோளில் கிடந்த துவாயால் கண்ணாடியை ஒருதரம் துடைத்தார்.

"இப்பல்லாம் யாரும் கேக்காமலே காட்டுறேங்க, டீச்சரம்மா" என்றார்.